ஊமை கண்ட கனவு

'ஊமை கண்ட கனவு' என்று நம் மொழியில் ஓர் உவமை உண்டு. உள்ளத்தில் நிறைய இருந்தும் அதனை வெளியிட வழியில்லாத நிலையைக் குறிக்க, பேச்சிலும் எழுத்திலும் அதனைத் தயக்கமின்றிக் கையாளுகிறோம். வாய் பேசாதவனுக்குக் கனவு உண்டென்று அவ்வுவமை ஒப்புக்கொள்கிறது. அதைச் சொல்ல அவனுக்கு மொழி இல்லை என்றும் கூடவே தீர்ப்பிட்டுவிடுகிறது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், சிற்றூர்ப் பங்கு ஒன்றில் ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கும் பொறுப்பு நமக்கு வாய்த்திருந்தது. புதுநன்மைக்கு ஆயத்தமான பிள்ளைகளுள் காது கேளாத சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவளை முன்வரிசையில் அமர்த்தினோம். புனிதர் படம் ஒன்றைக் கையில் கொடுத்துப் புன்னகை செய்தோம். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. மாசற்ற குழந்தை, அவளுக்குப் பாடம் எதற்கு என்று பெரியவர்கள் சொன்னது நமக்கும் வசதியாகவே இருந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்தபின் கோயில் படிக்கட்டில் அவளும் அவள் தம்பியும் கைகளை அசைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தனர். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். என்னவென்று கேட்டோம். "அக்கா நேத்து ராத்திரி கனாக் கண்டுச்சாம் சார். நம்ம தேரு ஏரிக்குள்ள போயிருச்சாம். சாமியாரு நீச்சல் அடிச்சாராம்" என்றான்.

அன்றுமுதல் அவ்வுவமையை நாம் எழுதியதில்லை. ஆறு வயதுத் தம்பி கற்றுக்கொண்ட மொழியை ஆசிரியராகிய நாம் கற்க முயலவில்லை என்ற உறுத்தல் மட்டும் நீங்கவில்லை. சிறப்புக் கல்வி என இன்று வழங்கும் துறையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது அவ்வுறுத்தலே. பார்வையற்ற பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், உடலியக்கம் குறைந்த பிள்ளைகள் என அத்துறை இன்று பல கிளைகளாக விரிந்துள்ளது. எனினும் ஐரோப்பாவில் அதன் முதல் வேர் செவிப்புலனற்ற பிள்ளைகளிடத்தில்தான் ஊன்றியது. ஊன்றியோருள் பலர் துறவியரும் குருக்களும். பின்னொரு நாளில் அந்தப் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போடத் தீர்மானம் இயற்றியோருள்ளும் குருக்கள் இருந்தனர். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது.

புனித அகுஸ்தினாரிடமிருந்து தொடங்கலாம். 387-ஆம் ஆண்டு மிலான் நகரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அதனையடுத்து ஆன்மாவின் அளவு குறித்து அவர் எழுதிய உரையாடல் நூலில், மிலானில் தாம் கண்ட இளைஞர் ஒருவரை நினைவுகூர்கிறார். நற்றோற்றமும் பண்பும் உடைய அவ்விளைஞர் காது கேளாதவர். பிறரை அறிந்துகொண்டதும் தம் கருத்தை அறிவித்ததும் உடலசைவுகளாலேயே. இத்தகையோரிடையே வளரும் குழந்தை, நாம் கேட்டுப் பேசக் கற்பதுபோலவே சைகைகளைக் கற்றுக்கொள்ளும் என்ற கருத்தும் அங்கே பேசப்படுகிறது. சைகையும் கற்கப்படும் மொழியே என்னும் உண்மையின் வாயில்வரை அகுஸ்தினார் வந்துவிட்டார் எனலாம். ஆனால் அவரே வேறொரு நூலில், செவித்திறனின்மை நம்பிக்கைக்கே இடையூறு என்றும் எழுதினார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் நம்பிக்கையைக் கேட்டலோடு இணைத்துப் பவுலடியார் கூறியது அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகள் மிலான் இளைஞரை மறந்துவிட்டு இரண்டாம் கூற்றையே பற்றிக்கொண்டன.

சட்டமும் அவ்வழியே நின்றது. ஆறாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட யுஸ்தினியான் பேரரசரின் சட்டம், பிறவியிலேயே கேளாமலும் பேசாமலும் இருப்பவருக்கு உயில் எழுதும் உரிமையை மறுத்தது. பின்னர்ச் செவி இழந்து எழுத்தறிவு பெற்றிருந்தவருக்கு அவ்வுரிமையை அளித்தது. இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது. எழுத்து ஒருவரைச் சட்டத்தின் கண்ணில் மனிதராக்கியது. ஆனால் கேளாதவருக்கு எழுத்துக் கற்பிக்கலாம் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை.

ஆயிரம் ஆண்டுகள் சென்றன. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில், புர்கோஸ் நகருக்கு அருகே ஓன்யா என்னுமிடத்தில் அமைந்த ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் பேதுரு போன்சே தெ லெயோன் என்னும் துறவி வாழ்ந்தார். வெலாஸ்கோ என்னும் பெருங்குடும்பத்தில் பிரான்சிஸ்கோ, பேதுரு ஆகிய இரு சிறுவர்கள் செவிப்புலனின்றிப் பிறந்திருந்தனர். அவர்களை மடத்தில் ஏற்றுக்கொண்ட இத்துறவி, எழுதவும் படிக்கவும் பேசவும் பயிற்றினார். செல்வக் குடும்பங்கள் இத்தகைய கல்விக்கு முன்வந்தமைக்குச் சொத்துரிமை பற்றிய கவலையும் ஒரு காரணம் என்பர், இருக்கலாம். நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. ஆசீர்வாதப்பர் சபையினர் மௌன நேரங்களில் தங்களுக்குள் கைச்சைகைகளால் உரையாடும் வழக்கம் உடையவர்கள். ஒலியின்றியும் கருத்தைப் பரிமாறலாம் என்பது அம்மடத்தில் அன்றாட அனுபவம். உலகமே முடியாது என்று சொன்ன காரியம் அந்தத் துறவிக்கு மட்டும் முடியும் என்று தோன்றியதற்கு அதுவே வழிவகுத்திருக்கும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 1584-இல் அவர் இறந்தார். அவரது முறையை விளக்கும் முழுநூல் எதுவும் நம் கைக்கு எட்டவில்லை. 1620-இல் மத்ரித் நகரில் யுவான் பாப்லோ போனேத் வெளியிட்ட நூலே இத்துறையில் அச்சேறிய முதல் நூல். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரல்நிலை என அதில் வரையப்பட்ட படங்கள் இன்றைய விரலெழுத்துகளுக்கு முன்னோடி.

ஏறத்தாழ அதே காலத்தில் சவோய் நாட்டில் புனித பிரான்சிஸ் சலேசியார் செய்தது அளவில் சிறியது. ஜெனீவா ஆயராக விளங்கிய அவர், 1605-ஆம் ஆண்டளவில் மார்ட்டின் என்ற காதுகேளாத ஏழை இளைஞரைச் சந்தித்தார். அவரைத் தம் இல்லத்திலேயே சேர்த்துக்கொண்டு, சைகைகளாலேயே மறைக்கல்வி புகட்டி, நற்கருணை வழங்கினார். செவிப்புலனற்றோரின் பாதுகாவலராகத் திருச்சபை அவரைப் போற்றுவது இதனால்தான். எழுத்தாளரின் பாதுகாவலரும் அவரே என்பது நாம் அறிந்தது.

இனி வருபவர் இவ்வரலாற்றின் மைய மனிதர். சார்ல் மிஷேல் தெ லெப்பே 1712-இல் வெர்சாய் நகரில் பிறந்தார், குருவானார். அக்காலத் திருச்சபையைக் கலக்கிய ஜான்சேனியக் கருத்துகளின்பால் சாய்வுடையவர் என்ற ஐயத்தால் பங்குப் பொறுப்புகள் அவருக்கு எளிதில் கிட்டவில்லை. அவர் அவ்வாறு ஒதுக்கப்படாதிருந்தால் இவ்வரலாறு எப்படிப் போயிருக்குமோ! 1760-ஆம் ஆண்டையொட்டிப் பாரிசு நகரின் ஒரு தெருவில் ஏதோ அலுவலாக ஒரு வீட்டுக்குச் சென்றார். இரு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தனர். அவர் பேசினார், அவர்கள் நிமிரவில்லை. பின்னர் அவர்களின் தாய் வந்து, இருவரும் இரட்டையர் என்றும், செவிப்புலனற்றவர்கள் என்றும், வனேன் என்னும் அருட்தந்தை படங்களைக் காட்டிச் சற்றே கற்பித்துவந்தார், அவரும் இறந்துபோனார் என்றும் சொன்னார். தம் மறையை அறியாமலேயே இவர்கள் வாழ்ந்து இறக்க நேருமே என்ற கவலையே தம்மை இப்பணியில் இறக்கியது என்று லெப்பே பின்னாளில் எழுதினார்.

தம் சொந்த வருவாயைக் கொண்டு, தம் இல்லத்திலேயே அவர் பள்ளி தொடங்கினார். கட்டணம் வாங்கவில்லை. அதுவரை இக்கல்வியை அளித்தவர் பலர் தம் முறையை மறைபொருளாகக் காத்துப் பெருந்தொகை பெற்று, ஓரிரு பிள்ளைகளையே பயிற்றினர். பாரிசில் புகழ்பெற்றிருந்த பெரெய்ராவும் அவ்வாறே செய்தார். லெப்பேயோ ஏழைப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்தார். பொதுமக்கள் முன் பாடம் நடத்தினார். தம் முறையை 1776-இல் நூலாகவே வெளியிட்டார். 1777-இல் பாரிசுக்கு வந்த ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அப்பள்ளியைக் கண்டு வியந்து, குரு ஒருவரை அனுப்பிப் பயிலச் செய்தார். அதன் பயனாக 1779-இல் வியன்னாவில் பள்ளி எழுந்தது. ஏழைகளுக்குக் கதவு திறந்ததும், கற்பிக்கும் கலையைப் பூட்டி வைக்காமல் கொடுத்ததும் லெப்பேயின் இரு பெரும் கொடைகள்.

மூன்றாவதாக, காதுகேளாதோர் தங்களுக்குள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த மொழியை அவர் மாணவர்களிடமிருந்து கற்றார். அம்மொழியை அவரே படைத்தார் என்று பல நூல்கள் எழுதுவது சரியன்று. இதற்குச் சான்று பியேர் தெலோஜ் என்னும் நூல்கட்டுத் தொழிலாளி. ஏழு வயதில் பெரியம்மையால் செவி இழந்த இவர், 1779-இல் ஒரு நூல் வெளியிட்டார். செவிப்புலனற்ற ஒருவர் எழுதி அச்சேறியவற்றுள் முதலாவதாக அறியப்படுவது அதுவே. லெப்பேயின் பள்ளி வாயிலை மிதிக்காத பாரிசுத் தொழிலாளர்கள்கூடச் சைகைகளால் எல்லாப் பொருள் பற்றியும் உரையாடுகின்றனர் என அவர் அதில் எடுத்துரைத்தார். மொழி முன்பே இருந்தது. அதனைக் காணும் கண்தான் ஆசிரியருக்கு இல்லாதிருந்தது.

லெப்பே குறையில்லாதவர் அல்லர். பிள்ளைகளின் இயல்பான சைகைகளோடு, பிரெஞ்சு இலக்கணத்தின் பால், காலம் முதலியவற்றுக்கெல்லாம் புதுச்சைகைகளைச் செயற்கையாகச் சேர்த்தார். அதனால் மாணவர் அவர் சைகையிட்டதைப் பிழையின்றி எழுதினர். பொருள் விளங்கியதா என்பது வேறு. வகுப்பு முடிந்ததும் அவர்கள் தங்கள் சொந்த மொழிக்கே திரும்பினர். நம் பள்ளிகளில் பொருளறியாமல் ஆங்கிலம் ஒப்பித்த அனுபவம் உள்ளவர்க்கு இது விளங்கும்.

1789 டிசம்பரில் லெப்பே இறந்தார். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1791-இல் அப்பள்ளியை நாட்டு நிறுவனமாக ஏற்றது. தலைமை ஏற்றவர் சிக்கார் என்னும் குரு. அவருடைய மாணவர் ழான் மாசியே போர்தோ நகர்ப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், செவிப்புலனற்ற ஆறு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் ஆடு மேய்த்தார். ஒருநாள் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாமாகவே பள்ளிக்குச் சென்று, கற்பியுங்கள் என்று சைகையால் ஆசிரியரைக் கேட்டாராம், ஆசிரியர் கடுமையாக விரட்டினார், அழுதுகொண்டே திரும்பினார். இதனை அவரே பின்னர் எழுதிவைத்தார். 1792-இல் புரட்சியாளர் சிக்காரைச் சிறைப்பிடித்தபோது, அவரை விடுவிக்க வேண்டிச் சட்டமன்றத்தில் மாணவர் சார்பில் மனு கொடுத்தவர் இந்த மாசியேதான். செப்டம்பர்ப் படுகொலையில் குருக்கள் பலர் வெட்டுண்டபோது, கடிகாரம் செய்யும் தொழிலாளி ஒருவர் குறுக்கே நின்று காத்ததால் சிக்கார் உயிர் தப்பினார்.

மாசியேயும் அவரிடம் பயின்ற லோரான் கிளேர் என்பவரும் அதே பள்ளியில் ஆசிரியர்களாயினர். செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் செவிப்புலனற்றவரே கற்பித்தனர். 1815-இல் அமெரிக்காவிலிருந்து தாமஸ் கேலோடெட் என்னும் புரோட்டஸ்டாண்டுப் போதகர் இக்கலையைக் கற்க இங்கிலாந்து வந்தார். அங்கே இத்தொழிலைத் தம் கையில் வைத்திருந்த பிரெய்ட்வுட் குடும்பத்தினர் முறையை எளிதில் சொல்லித்தர இசையவில்லை. மனம் தளர்ந்திருந்தவரைப் பாரிசுக்கு அழைத்தவர், அப்போது இலண்டனுக்கு வந்திருந்த சிக்கார். 1816-இல் கேலோடெட்டுடன் கப்பலேறிய கிளேர், 1817 ஏப்ரலில் ஹார்ட்போர்ட் நகரில் திறக்கப்பட்ட பள்ளியில் நாற்பதாண்டுக்கு மேல் கற்பித்தார். இன்றைய அமெரிக்கச் சைகை மொழியின் ஒரு பெருவேர் அவர் கொண்டுசென்ற பிரெஞ்சுச் சைகைமொழியே.

இங்கே ஒரு கிளைக்கதை, வாசகர் பொறுத்தருள்க. பாரிசின் அதே நிறுவனத்துக்கு 1800-இல், அவேரோன் காட்டுப்பகுதியில் பிடிபட்ட ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். பேச்சில்லை, பழக்கமில்லை. பெரிய மருத்துவர்கள் அவனைத் திருந்த வாய்ப்பற்ற மூடன் என்றனர். ழான் இத்தார் என்னும் இளம் மருத்துவர் மட்டும் ஐந்தாண்டுகள் அவனுடன் பாடுபட்டார். விக்தோர் எனப் பெயரிட்டார். தொடுதல், பார்த்தல், பொருத்துதல், எழுத்துகளைக் கைகளால் அறிதல் என்று புலன்களின் வழியே அறிவுக்குச் செல்லும் பயிற்சிகளை ஒவ்வொன்றாகப் புனைந்தார். விக்தோர் சில சொற்களைப் படித்தறிந்தான், பேசவே இல்லை. இத்தார் தோல்வியாகவே கருதினார். ஆயினும் அவர் மாணவர் எதுவார் செகேன் அம்முறைகளை அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென விரிவாக்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து உரோமையில் மரிய மொந்தெசோரி அம்மையார், இத்தார், செகேன் இருவரின் நூல்களையும் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் பயின்று, குறையுடைய பிள்ளைகளிடம் கையாண்டு வெற்றி கண்டார். பின்னரே 1907-இல் சாதாரணப் பிள்ளைகளுக்கான தம் முதல் இல்லத்தைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் வாழ்ந்தார். நம் கன்னியர் நடத்தும் பாலர் பள்ளிகளில் குழந்தைகள் விரலால் தடவிப் பார்க்கும் சொரசொரப்பான எழுத்து அட்டைகளுக்கும், மர உருளைகளுக்கும் பூட்டன் முறையானவன் பேசாத விக்தோர். சிறப்புக் கல்வி, பொதுக்கல்வியின் மீது இரக்கப்பட்டு ஒட்டவைத்த கிளை என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று நெருடுகிறது. சைகைமொழி பேசும் பிள்ளைகள் நிறைந்த வீட்டிலேயே விக்தோர் வளர்ந்தான். அவனுக்குச் சைகைமொழியைக் கற்பிக்க இத்தார் முயலவே இல்லை. பேச்சு வந்தால்தான் மனிதன் என்ற எண்ணம் அத்துணை ஆழமானது.

அவ்வெண்ணமே 1880-இல் மேடையேறியது. அதுவும் அகுஸ்தினார் அந்த இளைஞரைக் கண்ட அதே மிலான் நகரில். செப்டம்பர் 6 முதல் 11 வரை அங்குக் கூடிய ஆசிரியர் மாநாட்டில் 164 பேர் கலந்துகொண்டனர். பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். செவிப்புலனற்ற பேராளர் ஒரே ஒருவர், அமெரிக்காவின் ஜேம்ஸ் டெனிசன். தலைவர் ஜூலியோ தார்ரா. ஏழைச் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்காகவே தம் வாழ்வைச் செலவிட்ட குரு. அவரைக் கொடியவர் என்று எழுத நம் மனம் ஒப்பவில்லை. அங்கேதான் சிக்கலே இருக்கிறது. சைகை புலன்களையும் உணர்ச்சிகளையும் கிளறும், பேச்சு ஒன்றே அறிவையும் ஆன்மாவையும் உயர்த்தும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மேடையில் மாணவர்கள் வாய்திறந்து பேசிக் காட்டினர். கேள்வி முடியுமுன்பே சிலர் விடை சொன்னதைக் கவனித்தவர்களும் உண்டு. ஆனால் கைதட்டலில் ஐயம் கரைந்துபோயிற்று. பேச்சு சைகையைவிட மேலானது, கல்வியில் பேச்சுமுறையே கையாளப்பட வேண்டும் என்ற தீர்மானம் 160 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவர் நால்வர்.

விளைவு விரைவாகவே வந்தது. ஐரோப்பாவின் பள்ளிகளில் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் பணியிழந்தனர். பேச்சுப் பயிற்சி அளிக்க அவர்களால் இயலாதல்லவா! வகுப்பில் கையசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர், கைகளைக் கட்டினர், கைகளின்மேலேயே உட்காரச் செய்தனர். ஓர் ஒலியைச் சரியாக எழுப்புவதற்கு மாதங்கள் கழிந்தன; கணக்கும் வரலாறும் மறைக்கல்வியும் காத்திருந்தன. செவியில் சற்றேனும் எச்சம் உள்ளவரும், பேச்சு வந்தபின் செவி இழந்தவரும் முன்னேறினர். அவர்களே வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்பட்டனர். பிறவிச் செவிடர் பின்தங்கினர். அது அவர்கள் அறிவின் குறை என்று குறிக்கப்பட்டது.

பார்வையற்றோர் கல்வியிலும் இதன் சாயல் தெரிகிறது. வலந்தேன் அவுய் பாரிசில் தொடங்கிய பள்ளியில், பார்ப்பவர் படிக்கும் அதே எழுத்தைப் புடைப்பாக அச்சிட்டுக் கொடுத்தனர். அங்கே பயின்ற லூயி பிரெய்ல் தம் பதினைந்தாம் வயதிலேயே ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிவிட்டார். ஆனால் 1840-களில் அப்பள்ளியிலேயே அதற்குத் தடை இருந்தது. பார்வையுள்ள ஆசிரியருக்கு அது படிக்க வரவில்லை என்பதும் ஒரு காரணம். மாணவர்கள் மறைவாகப் பயன்படுத்தினர். இறுதியில் புள்ளிகளே வென்றன. சைகைமொழிக்கு அவ்வெற்றி வர நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

இந்தியாவுக்கு இக்கல்வி வந்தது மிலானுக்குப் பிந்திய ஆண்டுகளில். மும்பையில் 1880-களின் நடுவில் செவிப்புலனற்றோர்க்கான பள்ளியைத் தோற்றுவித்தவர், அங்கு ஆயராக இருந்த ஏசு சபையைச் சேர்ந்த லியோ மெயுரின் ஆண்டகை. 1893-இல் கல்கத்தாவில் வங்காளப் பெருமக்கள் ஒரு பள்ளி கண்டனர். தமிழகத்தில் முந்திக்கொண்டது பாளையங்கோட்டை. அங்கே பார்வையற்றோர்க்கு ஆஸ்க்வித் அம்மையாரும், செவிப்புலனற்றோர்க்குப் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரும் 1890-களில் பணிசெய்தனர். இருவரும் ஆங்கிலத் திருச்சபை சார்ந்த ஊழியர். சுவெய்ன்சன் அம்மையாரின் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது. சென்னையில் லிட்டில் பிளவர் கான்வென்ட் கன்னியர் ஆற்றிவரும் பணியை நம் வாசகர் அறிவர். இப்பள்ளிகள் இல்லையேல் எத்தனையோ பிள்ளைகள் வீட்டு மூலையிலேயே முடங்கியிருப்பார்கள். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் இந்தியப் பள்ளிகள் பலவற்றிலும் பேச்சுமுறையே மேலோங்கியது. வகுப்பறையில் ஆசிரியரின் உதட்டைப் பார்த்துக் களைத்த பிள்ளைகள், விடுதியில் விளக்கு அணையும்வரை கைகளால் பேசினர். இந்தியச் சைகைமொழி உயிர் பிழைத்தது விடுதிகளில்தான்.

அது மொழிதான் என்று நிறுவ அறிவுலகம் காலம் எடுத்துக்கொண்டது. 1960-இல் வாஷிங்டன் கேலோடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி, சைகைகளைப் பகுத்தாய்ந்தார். கையின் வடிவு, இடம், அசைவு ஆகியவற்றின் சேர்க்கையால் சொற்கள் பிறப்பதைக் காட்டினார். தன் இலக்கணம் உடைய முழுமையான மொழி இது என்றார். உடன்பணியாற்றிய ஆசிரியர்களே முதலில் நகைத்தனர். 1965-இல் தோழர் இருவருடன் அவர் அதற்கு அகராதி வெளியிட்டார். அதே 1965-இல்தான், செவிப்புலனற்றோருடன் நிறைவேற்றும் திருவழிபாட்டில் சைகைமொழியைப் பயன்படுத்தத் திருத்தந்தை ஆறாம் பவுல் இசைவளித்தார். 1970-களில் மதன் வசிஷ்டா என்னும் செவிப்புலனற்ற இந்திய அறிஞரும் அமெரிக்க ஆய்வாளர்களும் நம் நாட்டு நகரங்களில் ஆய்ந்து, இந்தியச் சைகைமொழி தனித்த மொழி என்று காட்டினர். 2010 ஜூலையில் கனடாவின் வான்கூவரில் கூடிய, மிலானின் வழிவந்த அதே உலக மாநாடு, 1880-இன் தீர்மானங்களை வெளிப்படையாக நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள்!

நம் நாட்டில் 1995-இன் சட்டத்துக்குப் பின், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரையறுத்தது. அவற்றுள் குறிப்பிட்ட அளவுக்குமேல் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையாயிற்று. சைகைமொழியும் பிரெய்லும் அறிந்த ஆசிரியரை அமர்த்தச் சட்டமே சொல்கிறது. 2015-இல் தில்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. மறுபுறம், காதின் உட்பகுதியில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை தமிழகத்தில் ஏழைக் குழந்தைகளுக்கும் அரசுத் திட்டத்தின்வழி கிட்டுகிறது. அதனை நாம் குறைகூறவில்லை. உரிய வயதில் செய்து, தொடர்ந்து பயிற்சி அளித்தால் பல குழந்தைகளுக்குப் பேச்சு வருகிறது. நாம் அஞ்சுவது, கருவி பொருத்திய கையோடு, "இனிச் சைகை காட்டாதீர்கள், பேச்சு வராது" என்று பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கே. மிலானின் குரல் இன்னும் ஓயவில்லை. மொழி ஊன்றும் முதல் ஐந்தாண்டுகளில் எந்த மொழியும் கிடைக்காமற்போகும் குழந்தை, பின்னர் எதனையும் முழுமையாகப் பற்றிக்கொள்ள அரும்பாடுபட வேண்டியதாகிறது.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் காதுகேளாதவரை ஆண்டவர் குணமாக்கும் நிகழ்ச்சியை இப்போது மறுபடி படிக்கிறோம். 'எப்பத்தா' என்ற சொல்லையே நாம் வழக்கமாகப் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன் நடந்தவற்றைக் கவனித்தோமா? கூட்டத்திலிருந்து அவரைத் தனியே அழைத்துச் செல்கிறார். காதுகளில் விரல்களை இடுகிறார். நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். செவி திறக்கும்வரை கேட்க இயலாத அம்மனிதருக்கு, என்ன நடக்கப்போகிறது என்பது அத்தனையும் கைகளாலும் கண்களாலும் சொல்லப்பட்டுவிட்டது.

2024 மே மாதம் கேரளத்தின் திருச்சூரில், திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிறவியிலேயே செவிப்புலனற்றவர், இந்தியாவில் அத்தகையோருள் முதல் குரு எனச் செய்தித்தாள்கள் எழுதின. சடங்கு முழுவதும் சைகைமொழியிலும் பெயர்த்துரைக்கப்பட்டது. தம் மக்களுடன் அவர் திருப்பலி நிறைவேற்றும்போது, அப்பத்தை எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டு அளிக்கும் அதே கைகளே இறைவேண்டலையும் சொல்கின்றன.